சான்றின் அளவே சொல்லின் அளவு

நுழையும்முன்

பள்ளியில் எழுதும் கட்டுரைக்கும் பல்கலைக்கழகத்தில் எழுதும் ஆய்வுக் கட்டுரைக்கும் உள்ள வேறுபாடு நீளத்தில் மட்டும் அமைவதன்று. முன்னது அறிந்ததைச் சொல்கிறது. பின்னது அறிந்ததோடு அதனை அறிந்த வழியையும் காட்டுகிறது. அவ்வழியில் படிப்பவரும் நடந்து பார்த்து, முடிவு சரியா எனச் சோதிக்க இயல வேண்டும். உயர்கல்வியை நோக்கிச் செல்லும் மாணவர் அத்தகைய எழுத்தை எவ்வாறு பழகுவது என்பதைக் காஞ்சிபுரத்தின் கோவில் சுவர்களும் அவற்றை ஆராய்ந்த ஒரு மாணவியின் உழைப்பும் கற்பிக்கின்றன.

பேசும் சுவர்கள்

காஞ்சிபுரத்து வைகுந்தப் பெருமாள் கோவில், இரண்டாம் நந்திவர்மப் பல்லவன் காலத்தில், பொ.ஆ. 8ஆம் நூற்றாண்டில் எழுந்தது. நின்ற, இருந்த, கிடந்த திருக்கோலங்கள் மூன்று தளங்களில் அமைந்த கருவறை இதன் தனிச்சிறப்பு. கருவறையைச் சுற்றிச் சிங்கத் தூண்கள் தாங்கும் ஒரு நடைமண்டபம் உண்டு. அம்மண்டபத்தின் சுவரில் வரிசை வரிசையாகச் சிற்பங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அரியணையில் அமர்ந்தோர், போர்க்களம் புகுவோர், தூது செல்வோர், முடிசூடுவோர் எனக் காட்சிகள் தொடர்கின்றன.

அவற்றுள் சில காட்சிகளின் அருகே மட்டும் விளக்கக் குறிப்புகள் பொறிக்கப்பட்டுள்ளன. பரமேசுவரவர்மன் இறந்தபின் நாடு அரசனின்றி இருந்ததையும், அமைச்சர் முதலானோரும் கடிகையாரும் இரணியவர்மனிடம் சென்று அவன் மைந்தருள் ஒருவரை அரசனாகத் தருமாறு வேண்டியதையும், மூத்தோர் மறுக்கப் பன்னிரண்டு வயதினனாகிய பல்லவமல்லன் இசைந்ததையும் அக்குறிப்புகள் கூறுகின்றன. அச்சிறுவனே பின்னாளில் நந்திவர்மன் என்னும் பெயருடன் ஆட்சி புரிந்தான்.

ஏனைய காட்சிகள் பலவற்றின் அருகே எழுத்தில்லை. கல் மட்டுமே நிற்கிறது. எழுத்துள்ள சிற்பங்களைக் கொண்டு எழுத்தில்லாச் சிற்பங்களின் பொருளை அறிய முடியுமா? அவ்வாறு அறிந்ததைப் பிறர் ஏற்கும் வகையில் எழுத முடியுமா? இவ்வினாக்களுக்கு விடை காண முயன்றவர் முனைவர் சி. மீனாட்சி.

மாணவி ஆய்வாளரானார்

சி. மீனாட்சி 1905ஆம் ஆண்டு பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்த அவரைத் தாயார் வளர்த்துக் கல்வி பயிலச் செய்தார். இளமை முதலே வரலாற்றில் நாட்டம் கொண்டிருந்த அவர் காஞ்சிபுரம், மாமல்லபுரம், கும்பகோணம், தஞ்சாவூர் முதலிய ஊர்களுக்குச் சென்று கோவில்களைக் கண்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி வரலாற்றுப் பேராசிரியராக விளங்கிய காலத்தில், பல்லவர் வரலாற்றை ஆராய்ந்தார். 1936ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்று, அப்பல்கலைக்கழகத்தில் அப்பட்டம் பெற்ற முதல் பெண் என்னும் சிறப்பை அடைந்தார். பல்லவர் கால ஆட்சிமுறையையும் சமூக வாழ்வையும் பற்றிய அவரது ஆய்வு 1938ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாக நூல்வடிவம் பெற்றது.

மன்னர் பெயர்களையும் போர்களையும் அடுக்குவதே வரலாறு என்று பலர் எண்ணியிருந்த காலம் அது. மீனாட்சியோ மக்கள் எவ்வாறு கற்றனர், வழக்குகள் எவ்வாறு தீர்க்கப்பட்டன, இசையும் கூத்தும் எவ்வாறு வளர்ந்தன என்றெல்லாம் வினவினார். அவ்வினாக்களுக்கு விடை சொல்லும் தனிநூல் எதுவும் இல்லை. கல்வெட்டு, செப்பேடு, சிற்பம், ஓவியம், நாடகம் எனப் பல இடங்களில் சிதறிக் கிடந்த சிறு சான்றுகளைத் திரட்டி, ஒவ்வொன்றின் தகுதியையும் எடைபோட்டு எழுத வேண்டியிருந்தது. பல்கலைக்கழக மாணவர் ஒவ்வொருவரும் பழக வேண்டிய எழுத்து முறையின் அடிப்படை இதுவே.

வினாவே தொடக்கம்

ஆய்வெழுத்தின் முதல் படி தலைப்பன்று, வினாவே ஆகும். ‘காஞ்சிபுரத்துக் கோவில்கள்’ என்பது ஒரு தலைப்பு. அதன்கீழ் எதனையும் எழுதலாம், எங்கும் தொடங்கலாம், எங்கும் முடிக்கலாம். எனவே, அது எழுதுபவரை வழிநடத்தாது. ‘வைகுந்தப் பெருமாள் கோவிலில் விளக்கக் குறிப்பு இல்லாத சிற்பங்கள் எந்நிகழ்ச்சிகளைக் காட்டுகின்றன?’ என்பது ஒரு வினா. அது எங்குச் செல்ல வேண்டும், எவற்றைப் பார்க்க வேண்டும், எவற்றைத் தேட வேண்டியதில்லை என்பதையெல்லாம் தெளிவாக்கிவிடுகிறது.

நல்ல வினாவுக்கு மூன்று பண்புகள் உண்டு. ஒன்று, கிடைக்கும் சான்றுகளைக் கொண்டு விடை காணத்தக்கதாக இருத்தல். இரண்டு, விடை முன்னரே முடிவு செய்யப்படாதிருத்தல். மூன்று, ஒதுக்கப்பட்ட காலத்துக்கும் பக்க அளவுக்கும் ஏற்பச் சுருங்கியிருத்தல். கல்லூரியில் முதலாண்டு பயிலும் மாணவர் பத்துப் பக்கக் கட்டுரைக்குப் பல்லவர் கலை முழுவதையும் எடுத்துக்கொண்டால், ஒவ்வொன்றையும் தொட்டு ஒன்றையும் விளக்காமல் முடிக்க நேரும். ஒரு மண்டபத்தின் ஒரு சுவரை மட்டும் எடுத்துக்கொண்டால், பிறர் காணாத ஒன்றைக் காட்ட வாய்ப்புண்டு.

கண்டதும் கருதியதும்

வினா தெளிந்தபின் குறிப்பெடுத்தல் தொடங்குகிறது. இங்கே ஒரு பழக்கத்தை உறுதியாகக் கைக்கொள்ள வேண்டும். கண்ணால் கண்டதையும் அதிலிருந்து கருதியதையும் ஒன்றாகக் கலந்து எழுதலாகாது.

சிற்பம் ஒன்றில், அமர்ந்திருக்கும் உருவத்தின் இருபுறமும் நிற்போர் குடங்களிலிருந்து நீர் சொரிவதாகக் கொள்வோம். ‘அமர்ந்தவர் தலைமீது இருவர் நீர் சொரிகின்றனர்’ என்பது கண்டது. ‘இது முடிசூட்டு விழா’ என்பது கண்டதிலிருந்து கருதியது. ‘இது நந்திவர்மனின் முடிசூட்டு விழா’ என்பது அதற்கும் ஒரு படி மேலே சென்று துணிந்தது. முதற்கூற்றை எவரும் சுவரின் முன் நின்று சரிபார்க்கலாம். இரண்டாவதற்கு, அக்காலத்தில் முடிசூட்டு எவ்வாறு நிகழ்ந்தது என்னும் செய்தி துணையாக வேண்டும். மூன்றாவதற்கு, விளக்கக் குறிப்போ வரிசையில் அச்சிற்பம் இருக்கும் இடமோ சான்றாக வேண்டும். ‘நந்திவர்மன் முடிசூடுகிறான்’ என்று நேராக எழுதிவிடும் மாணவர் மூன்று படிகளை ஒரே தாவலில் கடக்கிறார். படிப்பவரால் அவரைப் பின்தொடர இயலாது.

மீனாட்சியின் ஆய்வு விளக்கக் குறிப்புள்ள சிற்பங்களை உறுதியான நிலையங்களாகக் கொண்டது. தொன்மக் கதை சொல்லும் பல்லவர் குலத் தோற்றத்தில் தொடங்கி, வரலாற்று மன்னர்கள் வழியாக நந்திவர்மன் ஆட்சி வரை அச்சிற்பங்கள் ஒரே தொடராக அமைந்துள்ளன என அவர் விளக்கினார். செப்பேடுகள் கூறும் குலவரிசையை ஒருபுறமும் சுவரின் சிற்ப வரிசையை மறுபுறமும் வைத்து ஒப்பிட அவ்வாய்வு வழிவகுத்தது. அவர் கொண்ட அடையாளம் ஒன்றைப் பின்வரும் ஆய்வாளர் மறுக்கலாம். எனினும், எந்தச் சான்றிலிருந்து அம்முடிவு பிறந்தது என்பது தெரிவதால்தான் அவ்வாறு மறுப்பதும் இயல்வதாகிறது.

குறிப்பெடுக்கும்போது ஒவ்வொரு தாளிலும் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பு, பக்கம் ஆகியவற்றை அப்போதே எழுதிவிட வேண்டும். நேரில் கண்டதாயின் இடம், நாள், நின்ற திசை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். நூலின் சொற்களை அப்படியே எழுதினால் மேற்கோள் குறி இட வேண்டும். சில திங்களுக்குப் பிறகு அத்தாளைப் புரட்டும்போது, எது நூலாசிரியர் சொல், எது தம் சொல் என்ற ஐயம் எழாதிருக்க இதுவே வழி.

சான்றுகள் முரண்படும்போது

எல்லாச் சான்றுகளும் ஒரே குரலில் பேசுவதில்லை. நந்திவர்மன் யாருடைய மகன் என்னும் எளிய வினாவையே எடுத்துக்கொள்ளலாம். காசாக்குடிச் செப்பேடு அவனை இரணியவர்மனின் மகன் என்றும் குடிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்றும் கூறுகிறது. வைகுந்தப் பெருமாள் கோவிலின் விளக்கக் குறிப்புகளும் இதற்கு இயைகின்றன. உதயேந்திரம் செப்பேடோ அவனைப் பரமேசுவரவர்மனின் மகனாகக் காட்டுகிறது.

பயிற்சியில்லாத மாணவர் இங்கே இரண்டு தவறுகளுள் ஒன்றைச் செய்வார். தமக்கு வசதியான சான்றை மட்டும் கூறி மற்றதை மறைத்துவிடுவார். அல்லது இரண்டையும் அடுத்தடுத்து எழுதிவிட்டு முடிவு கூறாமல் நகர்ந்துவிடுவார். முன்னது நேர்மைக் குறைவு. பின்னது உழைப்புக் குறைவு. முரணை வெளிப்படையாகக் காட்டி, அதனை ஆராய்ந்து தீர்க்க முயல்வதே ஆய்வெழுத்தின் கடமை.

உதயேந்திரம் செப்பேட்டின் எழுத்தமைதி நந்திவர்மன் காலத்துக்குப் பிற்பட்டது. எனவே, இன்று கிடைப்பது மூலத்தின் பிற்காலப் படியாக இருக்கலாம் என்று கல்வெட்டறிஞர்கள் கருதினர். காசாக்குடிச் செப்பேடும் கோவில் குறிப்புகளும் வெவ்வேறு இடங்களில் இருந்துகொண்டு ஒரே செய்தியைச் சொல்கின்றன. இவற்றையெல்லாம் எடுத்துரைத்த பிறகே ‘நந்திவர்மன் இரணியவர்மனின் மகன் எனக் கொள்வதே பொருத்தம்’ என்று எழுதலாம். அப்போது அம்முடிவு எழுதுபவரின் விருப்பமாக நில்லாமல், காரணங்களின் விளைவாக நிற்கிறது.

சான்று யாருடையது என்பதையும் நோக்க வேண்டும். காஞ்சி கைலாசநாதர் கோவில் தூண் ஒன்றில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தனின் கன்னடக் கல்வெட்டு உள்ளது. காஞ்சியை வென்ற அவன், இராசசிம்மேசுவரம் என்னும் அக்கோவிலின் செல்வத்தைத் தான் கவராமல் கோவிலுக்கே அளித்ததாக அது கூறுகிறது. சாளுக்கியரின் வக்கலேரிச் செப்பேடும் இச்செய்தியைச் சொல்கிறது. இரு சான்றுகள் ஒத்துப்போகின்றன என்று மகிழுமுன் ஒன்றை எண்ண வேண்டும். இரண்டுமே சாளுக்கியர் தரப்பின் கூற்றுகள். அதே நேரத்தில், பகைவரின் தலைநகரில், பகைவர் எழுப்பிய கோவிலிலேயே அக்கல்வெட்டு அழிக்கப்படாமல் நிலைத்திருப்பது அதற்கு வலிமை சேர்க்கிறது. இவ்வாறு ஒரு சான்றின் வலிமையையும் வரம்பையும் ஒருங்கே கூறுவது கட்டுரையின் மதிப்பைக் குறைப்பதில்லை, உயர்த்துகிறது.

நகைச்சுவை நாடகம் சான்றாகுமா?

மகேந்திரவர்மப் பல்லவன் இயற்றிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ காஞ்சி நகரைக் களமாகக் கொண்ட நகைச்சுவை நாடகம். தன் கபாலத்தைத் தொலைத்த காபாலிகன் ஒருவன் பௌத்தத் துறவி ஒருவர்மீது ஐயம் கொள்கிறான். வழக்கு மன்றத்துக்குச் செல்லலாம் என்ற பேச்சு எழும்போது, செல்வமுடைய துறவி மன்றத்தாருக்குக் கையூட்டு அளித்துவிடுவார் என்னும் பொருள்படக் காபாலிகனின் துணைவி பேசுகிறாள்.

இதனைக் கொண்டு ‘பல்லவர் காலத்தில் நீதிமன்றங்கள் ஊழல் நிறைந்தவை’ என எழுதலாமா? எழுதலாகாது. அது ஒரு நாடகப் பாத்திரத்தின் பேச்சு. நகைப்பை விளைவிக்கக் கூறியது. அவ்வாறாயின் அதனை முற்றிலும் தள்ளிவிட வேண்டுமா? அதுவும் தேவையில்லை. வழக்கைத் தீர்க்கும் மன்றம் ஒன்று நகரில் இருந்ததென்றும், கையூட்டுப் பற்றிய எள்ளல் அவையோருக்குப் புரியக்கூடியதாக இருந்ததென்றும் அதிலிருந்து கருதலாம். நாடகம் இயற்றியவன் அந்நாட்டை ஆண்ட மன்னனே என்பதையும் சேர்த்துக் கூறலாம். சான்று எவ்வளவு தூரம் அழைத்துச் செல்கிறதோ அவ்வளவு தூரமே செல்ல வேண்டும். அதற்கு முன்னே நின்றுவிடுவதும் பிழை. அதனைக் கடந்து ஓடுவதும் பிழை.

| தெரிந்து தெளிவோம் |
|---|
| ஆய்வுக்கு அடிப்படையாகும் கல்வெட்டு, செப்பேடு, சிற்பம், ஆவணம், நேர்காணல், கள ஆய்வுச் செய்தி முதலியன முதன்மைச் சான்றுகள் எனப்படும். அவற்றை ஆராய்ந்து பிறர் எழுதிய நூல்களும் கட்டுரைகளும் துணைமைச் சான்றுகள் எனப்படும். ஒரு கருத்தைத் துணைமைச் சான்றிலிருந்து எடுக்கும்போது, இயன்றவரை முதன்மைச் சான்றையும் பார்த்துச் சரிபார்ப்பது நன்று. |

சொற்றொடருக்கும் அளவுண்டு

சான்றை எடைபோடக் கற்ற மாணவர், அந்த எடையைச் சொற்றொடரிலும் காட்டக் கற்க வேண்டும். தமிழில் இதற்கு நுட்பமான முடிபுகள் உண்டு. ‘என்பது உறுதி’, ‘என்பது தெளிவாகிறது’, ‘எனக் கொள்வது பொருந்தும்’, ‘எனக் கருத இடமுண்டு’, ‘என்பது ஆராயத்தக்கது’ ஆகியவை ஒரே பொருளைத் தரும் அலங்காரத் தொடர்கள் அல்ல. ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு உறுதியை உணர்த்துகிறது. ‘கருத இடமுண்டு’ என எழுத வேண்டிய இடத்தில் ‘உறுதி’ என எழுதுவது, இல்லாத சான்றை இருப்பதாகச் சொல்வதற்கு ஒப்பாகும்.

காஞ்சிபுரத்தின் மற்றொரு பெருமையாகிய பட்டு நெசவைப் பற்றி மாணவர் ஒருவர் பின்வருமாறு எழுதுவதாகக் கொள்வோம்.

“காஞ்சிப் பட்டு உலகிலேயே சிறந்தது. அன்றுதொட்டு இன்றுவரை அனைவரும் இதனையே விரும்புகின்றனர். இன்று நெசவாளர்கள் அனைவரும் இத்தொழிலைக் கைவிட்டு வருகின்றனர். எனவே, இத்தொழில் விரைவில் அழிந்துவிடும்.”

இப்பத்தியில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால், ஒரு தொடரையும் சோதித்தறிய இயலாது. ‘உலகிலேயே சிறந்தது’ என்பதற்கு அளவுகோல் கூறப்படவில்லை. ‘அனைவரும்’ என்னும் சொல் இருமுறை வந்தும், ஒருவரிடமேனும் கேட்டறிந்ததற்கான அடையாளம் இல்லை. இறுதித் தொடர், நிறுவப்படாத முந்தைய தொடரின்மீது நிற்கிறது.

அம்மாணவரே தறிக்கூடத்துக்குச் சென்று பார்த்தபின் எழுதும் பத்தி வேறாக அமையும்.

“காஞ்சிபுரத்தில் கோர்வை என்னும் முறையில் நெய்யும் புடவையில், உடலும் கரையும் தனித்தனி ஊடை இழைகளால் நெய்யப்பட்டு, இரண்டும் சேருமிடத்தில் ஒன்றோடொன்று பிணைக்கப்படுகின்றன. இதற்கு ஊடை இழையைச் சுமந்து செல்லும் மூன்று நாடாக்கள் பயன்படுகின்றன. இருபுறமும் கரையுள்ள புடவையை இம்முறையில் நெய்ய, நெசவாளருடன் உதவியாளர் ஒருவரும் தறியில் அமர்கிறார். எனவே, ஒரு புடவைக்கான கூலியைக் கணக்கிடும்போது, அஃது எத்தனை பேரின் உழைப்புக்கு உரியது என்பதையும் சேர்த்து நோக்க வேண்டும்.”

இரண்டாம் பத்தியில் புகழ்ச்சி இல்லை. ஆயினும், நெசவாளரின் உழைப்பு அதில்தான் புலப்படுகிறது. மேலும், இது எழுத்து நயம் பற்றிய செய்தி மட்டுமன்று. இருவர் உழைப்புக்கு உரிய கூலியை ஒருவர் வருவாய் எனக் கட்டுரை ஒன்று பிழையாகக் கூறினால், அதனைப் படித்து உதவித் திட்டம் வகுப்போரும் பிழையாகவே கணக்கிடுவர். எழுதிய மாணவர் மதிப்பெண் பெற்றுச் சென்றுவிடுவார். பிழையின் விளைவைத் தறியில் அமர்ந்திருப்பவரே சுமப்பார். அளவான சொல் என்பது, எழுதப்படும் மனிதருக்குச் செய்யும் நீதியும் ஆகும்.

பிறர் கருத்தும் தம் கருத்தும்

எந்த ஆய்வும் வெறுமையிலிருந்து தோன்றுவதில்லை. முன்னோர் கூறியதை அறிந்து, அதனோடு உடன்பட்டோ வேறுபட்டோ தம் கருத்தை வைப்பதே அறிவு வளரும் முறை. தமிழில் இம்முறைக்கு நெடிய மரபுண்டு. காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவர் என மரபு கூறும் பரிமேலழகர், திருக்குறளுக்கு உரை எழுதும்போது பல இடங்களில் பிறர் கொண்ட பொருளை முதலில் எடுத்துரைக்கிறார். பின்னர் அது பொருந்தாமைக்குக் காரணம் காட்டுகிறார். மாற்றுக் கருத்தை மறைக்காமல் படிப்பவர் முன் வைத்துவிட்டு விடை கூறும் துணிவு அது.

உரையாசிரியர்கள் பெரும்பாலும் மாற்றுக் கருத்தினரின் பெயரைச் சுட்டுவதில்லை. ‘என்பாரும் உளர்’ என்னும் அளவில் நிறுத்திவிடுவர். இன்றைய ஆய்வெழுத்து இதில் ஒரு படி முன்னேறியுள்ளது. யார் கூறினார், எந்நூலில், எப்பக்கத்தில் என்பதை அடிக்குறிப்பாகவோ துணைநூற்பட்டியலாகவோ தருவது கட்டாயமாகிவிட்டது. இது சடங்கன்று. படிப்பவர் அந்நூலை எடுத்துப் பார்த்து, மேற்கோள் திரிக்கப்படவில்லை என உறுதிசெய்துகொள்ளத் தரப்படும் வழித்துணை. முதலில் உழைத்தவருக்குச் செலுத்தும் நன்றியும் அதுவே.

பிறர் எழுத்தைத் தம் எழுத்தாகக் காட்டுவது எழுத்துத் திருட்டு. சொற்களை அங்கங்கே மாற்றிவிட்டால் திருட்டு நீங்கிவிடும் என்று சிலர் எண்ணுகின்றனர். சொற்கள் மாறினும் கருத்தும் அதன் அடுக்கும் பிறருடையனவே எனில், மூலத்தைச் சுட்டியே ஆக வேண்டும். ஒரு நூலின் கருத்தைத் தம் சொற்களில் எழுத எளிய வழி ஒன்று உண்டு. பகுதியை நன்றாகப் படித்தபின் நூலை மூடிவிட வேண்டும். புரிந்ததை நினைவிலிருந்து எழுத வேண்டும். பிறகு நூலைத் திறந்து பொருள் பிறழவில்லை எனச் சரிபார்த்து, மூலத்தின் பெயரையும் பக்கத்தையும் குறிக்க வேண்டும். மூடிய நூலை நினைந்து எழுத இயலவில்லை எனில், அப்பகுதி இன்னும் புரியவில்லை என்பதே பொருள்.

| தெரிந்து தெளிவோம் |
|---|
| எழுத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டு விதிமுறைகளை வெளியிட்டது. அவற்றின்படி, ஆய்வேட்டில் பிற எழுத்துகளோடு ஒத்திருக்கும் பகுதி 10 விழுக்காடு வரை இருப்பின் தண்டனை இல்லை. 10 விழுக்காட்டுக்கு மேல் 40 வரையெனில், 6 திங்களுக்கு மிகாத குறித்த காலத்துக்குள் திருத்திய ஆய்வேட்டை அளிக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரையெனில், திருத்திய ஆய்வேட்டை அளிக்க ஓராண்டுத் தடை உண்டு. 60 விழுக்காட்டைக் கடந்தால் ஆய்வுப் பதிவே நீக்கப்படும். |

கட்டமைப்பும் திருத்தமும்

சான்றும் முடிவும் கைவந்த பிறகு அவற்றை ஒழுங்குபடுத்த வேண்டும். ஆய்வுக் கட்டுரையின் முன்னுரை, எடுத்துக்கொண்ட வினா, அதன் தேவை, ஆய்வின் எல்லை, பயன்படுத்திய சான்றுகள் ஆகியவற்றைக் கூறும். நூலுக்குப் பாயிரம் தேவை எனத் தமிழ் இலக்கணிகள் வகுத்ததும் இத்தகைய நோக்கில்தான். ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அதன் எல்லை, நூற்பெயர், நுதலிய பொருள், கேட்போர், பயன் முதலியவற்றைச் சிறப்புப் பாயிரம் தெரிவிக்க வேண்டும் என்பது நன்னூல் நெறி. நூலுள் நுழைபவருக்கு அது எங்கே செல்கிறது என்பது முன்னரே தெரிய வேண்டும் என்னும் அக்கறை அதில் உள்ளது.

கட்டுரையின் உடற்பகுதியில் ஒரு பத்தி ஒரு கருத்தையே தாங்க வேண்டும். பத்தியின் தொடக்கம் அக்கருத்தைச் சொல்ல, இடைப்பகுதி சான்று தர, இறுதி அச்சான்று கருத்தை எவ்வாறு நிறுவுகிறது என விளக்க வேண்டும். சான்றைத் தந்துவிட்டு விளக்காமல் விடுவது மாணவர் எழுத்தில் அடிக்கடி காணும் குறை. மேற்கோள் தானே பேசும் என்று எழுதுபவர் நம்புகிறார். படிப்பவரோ அது தம்மிடம் என்ன சொல்கிறது என்று அறியாமல் நிற்கிறார். முடிவுரை, முன்னுரையில் எழுப்பிய வினாவுக்கு விடை கூறுவதோடு, விடை கிடைக்காத பகுதியையும் நேர்மையாகச் சுட்ட வேண்டும். அப்பகுதியே அடுத்து வரும் ஆய்வாளருக்கு வாயிலாகும்.

முதல் வரைவு இறுதி வடிவமன்று. எழுதியதைச் சில நாள் ஒதுக்கி வைத்து, அயலார் எழுத்தைப் படிப்பதுபோல மீண்டும் படிக்க வேண்டும். நன்னூல் சுட்டும் பத்துக் குற்றங்களுள் மூன்றை மட்டும் கைவிளக்காகக் கொண்டாலே திருத்தம் எளிதாகும். தேவையான சான்று விடுபட்டிருப்பின் அது குன்றக் கூறல். சான்றை மீறிப் புகழ்ந்தோ பழித்தோ எழுதியிருப்பின் அது மிகைபடக் கூறல். வினாவுக்குத் தொடர்பில்லாத செய்தி விரிந்திருப்பின் அது மற்றொன்று விரித்தல். உழைத்துத் திரட்டிய குறிப்பை நீக்க மனம் வருவதில்லை. எனினும், வினாவுக்கு உதவாத குறிப்பு எவ்வளவு அரிதாயினும் இக்கட்டுரைக்கு உரியதன்று எனத் துணிவதே எழுத்தாளரின் பயிற்சி.

கல் தேயும், சொல் நிற்கும்

முனைவர் மீனாட்சி 1939ஆம் ஆண்டு பெங்களூரு மகாராணி கல்லூரியில் பேராசிரியப் பணியில் சேர்ந்தார். மறு ஆண்டே, 34ஆம் வயதில் மறைந்தார். வைகுந்தப் பெருமாள் கோவிலின் வரலாற்றுச் சிற்பங்களைப் பற்றி அவர் எழுதிய நூல், அவர் மறைந்தபின் 1941ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறையின் வெளியீடாக வந்தது. அச்சான நூலை அவர் காணவில்லை.

அக்கோவிலின் சிற்பங்கள் மணற்கல்லில் ஆனவை. காற்றும் மழையும் காலமும் அவற்றைத் தேய்த்து வருகின்றன. முகம் மழுங்கிய உருவங்கள் பல. அவை தெளிவாக இருந்த நாளில் ஒருவர் முன்னின்று, கண்டதைக் கண்டவாறும் கருதியதைக் கருதியவாறும் பிரித்தெழுதி வைத்தால், அக்குறிப்பு கல்லுக்கும் பிறகு வாழும் சான்றாகிறது. மிகையாக எழுதியிருப்பின் அதனை எவரும் நம்பியிருக்க மாட்டார். குறைவாக எழுதியிருப்பின் அதனால் பயன் விளைந்திராது. எழுதியவர் அருகிலிருந்து விளக்கம் தர இயலாத நிலையிலும், அந்நூலை இன்றைய மாணவர் கையில் ஏந்தி மண்டபத்துள் நடந்து ஒவ்வொரு காட்சியாகச் சோதித்துப் பார்க்கலாம்.

பல்கலைக்கழகத்தில் எழுதப்படும் எல்லாக் கட்டுரைகளும் நூலாவதில்லை. பெரும்பாலானவை ஒரு பேராசிரியரால் படிக்கப்பட்டு மதிப்பெண்ணோடு முடிந்துவிடுகின்றன. ஆயினும், சிறு கட்டுரையில் சான்றுக்கு உண்மையாக இருக்கப் பழகியவரே பெரிய பொறுப்பிலும் அவ்வாறு இருப்பார். நாளை அவர் எழுதப்போவது மருத்துவ அறிக்கையாக இருக்கலாம். நீதிமன்றத் தீர்ப்பாக இருக்கலாம். ஊருக்கான திட்டமாக இருக்கலாம். அங்கெல்லாம் அவர் சொல்லை நம்பிப் பிறர் முடிவெடுப்பர். அந்த நம்பிக்கைக்குத் தகுதி பெறும் பயிற்சியே நல்ல ஆய்வெழுத்து.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரிலுள்ள கோவில், நினைவுச்சின்னம் அல்லது தொழிற்கூடம் ஒன்றை நேரில் கண்டு, கண்ட செய்திகளை ஒரு தாளிலும் அவற்றிலிருந்து கருதிய செய்திகளை மற்றொரு தாளிலும் எழுதி வகுப்பில் ஒப்பிடுக.

2. ‘எங்கள் ஊர்த் தொழில்’ என்னும் பொதுத் தலைப்பை, பத்துப் பக்கக் கட்டுரைக்கு ஏற்ற ஒரே வினாவாகச் சுருக்கி எழுதுக. அவ்வினாவுக்குத் தேவையான முதன்மைச் சான்றுகளைப் பட்டியலிடுக.

3. ஒரே நிகழ்ச்சி பற்றி இரு நாளிதழ்களில் வெளிவந்த செய்திகளைத் தொகுத்து, அவை முரண்படும் இடங்களையும் அம்முரணுக்கான காரணங்களையும் குழுவில் கலந்துரையாடுக.

4. நீங்கள் முன்பு எழுதிய கட்டுரை ஒன்றை எடுத்து, குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மற்றொன்று விரித்தல் ஆகிய குற்றங்கள் உள்ள இடங்களைக் கண்டறிந்து திருத்தி எழுதுக.